வண்டிப்பேட்டை

தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையில் உயர்ந்து நிற்கும் ஏலமலைத் தொடரின் அடிவாரத்தே போடிநாயக்கனூர், தேவாரம் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. மலைமேல் விளையும் ஏலமும் காப்பியும் மிளகும் கீழிறங்கி வருதற்கும், சமவெளிப் பொருள்கள் மேலேறிச் செல்லுதற்கும் இவ்வூர்களே வாயில்களாக விளங்கி வருகின்றன. மோட்டார் வண்டி பெருகாத நாளில் இப்போக்குவரவு முழுமையும் சுமைமாடுகளையும், கழுதைகளையும், மாட்டுவண்டிகளையுமே நம்பியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்று மலைத் தோட்டங்களின் தேயிலை, 'டாப் ஸ்டேஷன்' எனப்படும் மலைமுகட்டிலிருந்து கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டது. அங்கிருந்து போடிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அத்தொலைவை அது மாட்டுவண்டியிலேயே கடந்தது.

பாரம் இழுத்து வந்த எருதுகள் ஊரை அடைந்ததும் கடைவீதியின் நடுவே நின்றுவிட முடியுமா? அவற்றிற்குத் தண்ணீர் வேண்டும், வைக்கோல் வேண்டும், நுகத்தினின்றும் அவிழ்த்துவிடப்பட்டுப் படுத்து அசைபோட நிழல் வேண்டும். ஆதலின், ஊரின் ஒரு புறத்தே வண்டிகள் தங்குதற்கென்று தனியிடம் ஒதுக்கப்பட்டது. அதற்கு வண்டிப்பேட்டை என்று பெயர். தமிழ்நாட்டின் பல ஊர்களில் வண்டிகள் மறைந்த பின்னும் அப்பெயர் மறையாது தெருப்பெயராகவும் பேருந்து நிற்கும் இடத்தின் பெயராகவும் வழங்கி வருதலைக் காணலாம். 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், வண்டிப்பேட்டை அமைக்கவும், அதனைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் பெறவும் நகராட்சிகளுக்கு உரிமை அளித்தது. வண்டியை நிறுத்தக் காசு கேட்பது நேற்று வந்த புதுமை என்று கருதுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

வண்டிப்பேட்டையின் அடியில் எளிய கருத்து ஒன்று உள்ளது. தெரு என்பது செல்லுதற்கு உரியது. நிற்றற்கு வேறிடம் வேண்டும். அவ்விடமும் ஊர்ப்பொதுவாகையால், அதில் நிற்பவன் ஊருக்கு ஏதேனும் கொடுத்தல் முறை. மாட்டுவண்டிக் காலத்தில் இதனை எவரும் விளக்க வேண்டியிருந்ததில்லை. எருதின் பசியே வண்டிக்காரனைப் பேட்டைக்கு அழைத்துச் சென்றது. மோட்டார் வண்டிக்கோ பசியில்லை, தாகமில்லை, நிழலும் வேண்டுவதில்லை. விட்ட இடத்திலே அது நாள் முழுதும் நிற்கும். எருதோடு பேட்டையும் போயிற்று. முன்பு பேட்டையில் நின்றவை இன்று கடைவாயிலில் நிற்கின்றன.

ஒரு மோட்டார் வண்டி நிற்பதற்கு ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் வேண்டும். பன்னிரண்டரைச் சதுர மீட்டர் நிலம் என்க. நம் ஊர்க் கடைவீதிகளில் பூக்கடையும் பாத்திரக்கடையும் இதனினும் சிறிய இடத்தில் நடைபெறுகின்றன. அக்கடைக்காரர் அவ்விடத்திற்கு வாடகை தருகின்றார், வரி செலுத்துகின்றார், உரிமக் கட்டணமும் கட்டுகின்றார். அவர் கடைக்கு எதிரே, அதே அளவு நிலத்தை, அதே விலையுயர்ந்த தெருவில் காலைமுதல் மாலைவரை அடைத்து நிற்கும் வண்டி ஒன்றும் தருவதில்லை. இலவசம் என்று இதனைக் கூறுவர். உண்மையில் அதன் விலையைப் பிறர் கொடுக்கின்றனர். நடைபாதை இழந்து தெரு நடுவே நடக்கும் முதியவர் கொடுக்கின்றார். கடையின் முகப்பு மறைந்தமையால் வாங்குவோரை இழக்கும் வணிகர் கொடுக்கின்றார். நெரிசலில் சிக்கிய பேருந்தினுள் வியர்த்து நிற்கும் அறுபது பேரும் தத்தம் பொழுதைக் கொடுக்கின்றனர்.

போடியின் நிலையை நோக்குவோம். மதுரையிலிருந்து இவ்வூருக்கு 1928ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அதன் தண்டவாளங்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டு, 1950களில் மீண்டும் இடப்பட்டன. பின்னர் அகலப்பாதையாக மாற்றுதற்பொருட்டு 2010ஆம் ஆண்டின் இறுதியோடு வண்டி நின்றது. 2023 ஜூன் 15ஆம் நாள்தான் மீண்டும் போடியை வந்தடைந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஆளும் சரக்கும் சாலை வழியாகவே வந்து சென்றன. விடியற்காலையில் ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளும், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலத்திற்கு வரும் வணிகரின் வண்டிகளும், சுற்றுச் சிற்றூர்களிலிருந்து பண்டம் வாங்க வருவோரின் இருசக்கர வண்டிகளும் ஒருங்கே நிற்க வேண்டுமெனின், மாட்டுவண்டிக் காலத்து அகலமுடைய தெருக்கள் என்செய்யும்? தேவாரம் போன்ற பேரூர்களிலும் அளவில் சிறிதாயினும் இடர் இதுவே.

ஊரின் நடுப்பகுதி நலிவது இருவகையாகும். ஒன்று, வெறுமையால் நலிதல். கூட்டத்தைக் கொணரும் நிலையம் ஒன்று புறநகருக்குப் போய்விட்டால், அதனைச் சூழ்ந்திருந்த உணவுவிடுதியும் பழக்கடையும் வாடும். சென்னையின் கொத்தவால் சாவடியிலிருந்த காய்கனி மொத்த வாணிகம் 1996இல் கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டது. 2002இல் பாரிமுனையிலிருந்து புறப்பட்ட வெளியூர்ப் பேருந்துகளும் கோயம்பேட்டிற்குச் சென்றன. நெரிசல் குறைதற்கு இவை உதவின என்பது மெய்; பழைய இடங்களின் கலகலப்பு குறைந்தது என்பதும் மெய். மற்றொன்று, மிகுதியால் நலிதல். வண்டிகள் மிக்கு, மனிதர் நடக்க இடமின்றித் திணறுவது அது. இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள் போலத் தோன்றினும், இரண்டாவது முற்றின் முதலாவதாக மாறும். நெருக்கடிக்கு அஞ்சிய மக்கள் புறவழிச்சாலையின் புதிய கடைகளை நாடுவர். பின்பு நடுவீதி தானே வெறுமையாகும்.

இதனைத் தடுக்க, நிறுத்தும் நேரத்திற்குக் கட்டணம் பெறும் முறை முதன்முதல் அமெரிக்க நாட்டில் தோன்றியது. ஒக்லகோமா நகரில் 1935 ஜூலை 16ஆம் நாள், காசு போட்டால் நேரத்தைக் காட்டும் பொறி ஒன்று தெருவோரத்தில் நடப்பட்டது. கட்டணம் மணிக்கு 5 செண்டு. இதனை முயன்று கொணர்ந்தவர் கார்ல் மேகி என்பார். அவர் அந்நகரின் வணிகர் கழகத்தில் போக்குவரவுக் குழுவின் தலைவராக இருந்தவர். கட்டணத்தை வேண்டியவர்கள் வணிகர்களே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அவர்கள் ஏன் வேண்டினர்? நகரின் நடுவே வேலை பார்ப்போர் காலையில் வந்து வண்டியை நிறுத்திவிட்டு மாலையில்தான் எடுத்தனர். பொருள் வாங்க வந்தவர்க்கு இடமே கிடைக்கவில்லை. பத்து மணி நேரம் ஒரே வண்டி நின்றால் அவ்விடத்தால் பயன்பெறுவோர் ஒருவர். மணிக்கு ஒன்றாக மாறி மாறி நின்றால் பயன்பெறுவோர் பதின்மர். இக்கணக்கை உணர்ந்தமையாலேயே அவ்வணிகர் பொறியை விரும்பினர். நம் கடைவீதிகளிலும் நாள் முழுதும் நிற்கும் வண்டிகளுள் கடைக்காரர் தம்முடையனவும் அவர்தம் பணியாளருடையனவும் சிலவல்ல.

ஆயினும் கட்டணம் என்ற சொல் எழுந்த இடமெல்லாம் எதிர்ப்பும் எழுகின்றது. இது இயல்பே. முதற் குலோத்துங்க சோழனை வரலாறு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று புகழ்கின்றது. சுங்கம் விதித்தான் என்று புகழ்பெற்ற வேந்தன் எவனும் இலன். திருவள்ளுவர் அரசனுக்குரிய பொருள்களுள் உல்குபொருளையும் ஒன்றாக எண்ணினாராயினும், மக்கள் மனம் சுங்கத்தை நீக்குவானிடத்தே சென்று நிற்கும்.

எதிர்ப்போர் கூறுவனவற்றுள் முதன்மையானது, இது ஏழைகளை வருத்தும் என்பது. நோக்கின், கடைவீதிக்கு மோட்டார் வண்டியில் வருவோர் சிறுபான்மையினர். பேருந்திலும் நடந்தும் வருவோரே ஏழைகள். அவர்கள் நடக்கும் பாதையை விடுவிக்கும் கட்டணம் அவர்களை வருத்துவதன்று. ஆனால் இருசக்கர வண்டியில் காய் கொண்டுவந்து விற்பவரையும், கூலிக்குச் செல்வோரையும் கருத்தில் கொள்ளாது, எல்லா வண்டிக்கும் ஒரே கட்டணம் என்று விதித்தல் முறையன்று. இருசக்கர வண்டி கொள்ளும் இடம் சிறிது. ஆதலின் அதற்குரிய கட்டணமும் சிறிதாதல் வேண்டும். உடற்குறை உடையோரின் வண்டிக்கு வாயிலருகே இடம் ஒதுக்குதலும், சரக்கு இறக்கும் வண்டிக்கு வைகறையில் நேரம் வகுத்தலும் இன்றியமையாதன. இவற்றைச் செய்யாது கட்டணம் மட்டும் பெறும் ஊராட்சி, எதிர்ப்புக்கு இரையாதல் தகும்.

அடுத்தது வணிகரின் அச்சம்: கட்டணம் வைத்தால் வாங்குவோர் வாரார் என்பது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒருமுறை இதனை ஆராய்ந்தனர். தம்மிடம் வருவோருள் நூற்றுக்கு 41 பேர் மோட்டார் வண்டியில் வருவதாகக் கடைக்காரர் மதிப்பிட்டனர். வாங்குவோரையே கேட்டுப் பார்த்ததில் அவ்வாறு வந்தவர் 22 பேரே. வண்டி கண்முன் நிற்கின்றது. நடந்து வருபவர் வந்து வாங்கிச் சென்றுவிடுகின்றார். ஆதலின் வணிகரின் நினைவில் வண்டியே பெரிதாகத் தங்குகின்றது. டென்மார்க்கு நாட்டின் தலைநகரான கோபன்கேகனில் 1962இல் ஸ்ட்ரோகெட் என்னும் கடைவீதியை நடப்போர்க்கே உரியதாக்கியபோதும் வணிகர் இவ்வாறே அஞ்சினர். இன்று அது அந்நகரின் பெயர்பெற்ற வாணிக வீதியாக விளங்குகின்றது.

மூன்றாவதாக எழும் வினாவே வலிமை மிக்கது: பெற்ற பணம் எங்கே செல்கின்றது? இவ்வினாவிற்கு விடை கூறாத ஊரில் மற்ற விடைகளை யாரும் செவிமடுப்பதில்லை. இதற்கு நேர்விடை கண்ட ஊர் கலிபோர்னியாவிலுள்ள பாசடீனா. அதன் பழைய நகர்ப்பகுதி ஒருகாலத்தில் செல்வம் கொழித்தது. பின்னர்ச் சிறுகச் சிறுகப் பாழ்பட்டு, 1970களில் பூட்டிய கடைகளும் சிதைந்த நடைபாதைகளும் மலிந்த இடமாயிற்று. வண்டி நிறுத்த இடமில்லை என்பது வணிகரின் ஓயாத முறையீடு. இருந்த இடத்தை அடைத்து நின்றவையோ பெரும்பாலும் கடைப் பணியாளரின் வண்டிகளே. நகராட்சி கட்டணம் விதிக்க முயன்றபோது வணிகர் கடுமையாக எதிர்த்தனர். பேச்சு நீண்டது. இறுதியில் நகராட்சி ஓர் உறுதி அளித்தது: இத்தெருக்களில் பெறும் கட்டணம் முழுவதும் இத்தெருக்களுக்கே செலவிடப்படும் என்பது அது. உறுதியைக் கேட்ட அளவில் எதிர்ப்பு ஆதரவாக மாறிற்று. 1993இல் மணிக்கு ஒரு டாலர் என்று கட்டணம் தொடங்கியது. வரப்போகும் வருவாயை ஈடாக வைத்து நகராட்சி 50 இலட்சம் டாலர் கடன் பெற்று, நடைபாதைகளைச் செப்பனிட்டு, மரங்களை நட்டு, விளக்குகளை அமைத்து, இருண்டு கிடந்த சந்துகளை நடக்கத்தக்க வழிகளாக்கியது. கட்டணம் கொடுத்தவர் தாம் கொடுத்தது எதுவாயிற்று என்பதைக் காலடியிலேயே கண்டனர். பழைய பாசடீனா மீண்டும் உயிர்பெற்றது. கட்டணம் ஒன்றே அதனை உயிர்ப்பித்தது என்று கூறுதல் மிகை. பழங்கட்டடங்களைக் காத்தமையும் புதுமுதலீடும் துணைநின்றன. எனினும், டொனால்டு ஷூப் என்னும் பேராசிரியர் 2005இல் வெளியிட்ட தம் பெருநூலில் இவ்வூரைத் தலையாய சான்றாக எடுத்துக்காட்டினார்.

கடல்கடந்த ஊரின் கதை இருக்கட்டும். தமிழ்நாட்டிலேயே இச்சிக்கல் முழுவடிவில் தோன்றிய இடம் ஒன்று உண்டு. அது சென்னைத் தியாகராய நகரிலுள்ள பாண்டி பஜார். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரால் 1920களில் அமைந்த அந்நகர்ப்பகுதி, பனகல் பூங்காவை நடுவாகக் கொண்டு திட்டமிட்டுக் கட்டப்பட்டது. அதன் தியாகராய சாலைக் கடைவீதிக்குச் சௌந்தரபாண்டியன் அங்காடி என்று பெயர். மக்கள் நாவில் அது பாண்டி பஜார் ஆயிற்று. 'அங்காடி' என்னும் நல்ல சொல் பெயர்ப்பலகையிலே தங்கிவிட்டது. சிலப்பதிகாரம் கூறும் புகார் நகரத்து நாளங்காடி, மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே மரங்கள் செறிந்த சோலையில் அமைந்திருந்தது. நிழலில் நடந்து பொருள் வாங்கும் வீதி தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு அது சான்று.

சௌந்தரபாண்டியனார் (1893–1953) போடிக்குச் சேய்மையில் இல்லாத பட்டிவீரன்பட்டியில் பிறந்தவர். சுயமரியாதை இயக்கத் தலைவருள் ஒருவர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக அவர் இருந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களைப் பேருந்தில் ஏற்ற மறுத்தால் அப்பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். சாலை அனைவர்க்கும் உரியது என்று ஆணையால் நிலைநாட்டியவர் பெயரைத் தாங்கிய வீதியில், சாலை யாருக்கு உரியது என்ற வழக்கு மீண்டும் எழுந்தது பொருத்தமே.

அவ்வழக்கில் முதலில் அகற்றப்பட்டவர் நடைபாதை வணிகர். பல்லாண்டுகளாகப் பாண்டி பஜாரின் நடைபாதையில் வளையலும் ஆடையும் அணிகலனும் விற்றுவந்த நூற்றுக்கணக்கானோர், உயர்நீதிமன்ற ஆணைகளையடுத்து 2013இல் மாநகராட்சி எழுப்பிய மாடிக் கட்டடத்திற்கு மாற்றப்பட்டனர். தெருவோரத்தில் நடந்து செல்வார் கண்ணில் பட்டு விற்பதே அவர்தம் வாணிகத்தின் உயிர். வளையல் வாங்க மாடியேறுவார் யார்? மேல்தளங்களில் இடம்பெற்றோர் விற்பனை இல்லை என்று முறையிட்டனர். மறு ஆண்டே, 2014இல், தெருவோர வணிகரின் பிழைப்பைக் காக்கும் நடுவண் அரசுச் சட்டம் பிறந்தது. அவர்க்குரிய இடத்தை வகுக்கும் குழுவில் நூற்றுக்கு நாற்பதின்மருக்குக் குறையாமல் அவ்வணிகரின் சார்பாளரே இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. நடைபாதையிலிருந்து வணிகரை நீக்கினர். அவ்விடத்தை நடப்போர் பெற்றனரா எனின், பெரும்பகுதியை வண்டிகளே பெற்றன. வளையற்கடைக்கு இல்லாத இடம் வண்டிக்கு எவ்வாறு கிடைத்தது என்று எவரும் வினவவில்லை.

அதே 2014ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் முதன்மை தரும் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. போக்குவரவுக்கு ஒதுக்கும் பணத்தில் நூற்றுக்கு அறுபது பங்கையேனும் இவர்க்கே செலவிட வேண்டும் என்பது அதன் குறிக்கோள். அடுத்துப் பாண்டி பஜாரில் வண்டிகளை ஒரு நாள் விலக்கி, மக்களைத் தெருவில் நடக்கவிட்டு வெள்ளோட்டம் பார்த்தனர். தாளில் வரைந்த படத்தைக் காட்டி வாதிடுவதினும், ஒரு நாள் செய்து காட்டுதல் நன்முறையாகும். நடந்து பார்த்தவர் ஆதரித்தனர். வணிகருட் பலர் ஐயுற்றனர். இறுதியாக, ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில் நடைபாதைகள் அகலமாக்கப்பட்டு, இருக்கைகளும் விளக்குகளும் அமைக்கப்பட்டு, 2019 நவம்பர் மாதத்தில் 'நடைபாதை வளாகம்' திறந்துவைக்கப்பட்டது. வண்டிகளை அறவே விலக்காது, அவை செல்லும் பகுதியைக் குறுக்கினர் என்பது குறிப்பிடத்தக்கது.

விலக்கப்பட்ட வண்டிகள் எங்கே நிற்கும்? இருநூற்றுக்கு மேற்பட்ட மோட்டார் வண்டிகளும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளும் நிற்கத்தக்க அடுக்குமாடி நிறுத்தகம் ஒன்று அருகே கட்டப்பட்டது. சொல்லால் புதிதாயினும் செயலால் இது வண்டிப்பேட்டையே. தரையில் பரந்திருந்தது வானில் அடுக்கப்பட்டது. இதுவும் ஏறத்தாழ 40 கோடி ரூபாய் விழுங்கிற்று. தெரு முழுவதையும் புதுக்கிய செலவும், சில நூறு வண்டிகளை நிறுத்த மாடி கட்டிய செலவும் ஏறக்குறைய ஒத்திருத்தலை நோக்குக. நிற்கும் வண்டி விலையுயர்ந்த விருந்தாளி என்பது அப்போது விளங்கும். மாநகரின் தெருக்களில் நிறுத்துதற்கு 2019இல் மோட்டார் வண்டிக்கு மணிக்கு 20 ரூபாயும், இருசக்கர வண்டிக்கு 5 ரூபாயும் கட்டணமாக வகுத்தனர்.

குறைகளும் இல்லாமல் இல்லை. அகன்ற நடைபாதைமேல் இருசக்கர வண்டிகள் ஏறின. அடுத்த உட்தெருக்களில் கட்டணமின்றி நிறுத்துவோர் பெருகி, அங்குக் குடியிருப்போர் வருந்தினர். ஓரிடத்தில் கட்டணம் வைத்து அதன் பக்கத்தே இலவசமாக விடுதல், ஓட்டைக் குடத்தின் ஒரு துளையை மட்டும் அடைத்தலை ஒக்கும். எனினும் ஒன்றை மறுத்தல் இயலாது. தியாகராய நகருக்கு வருவோரில் மிகப் பெரும்பாலோர் மாம்பலம் இரயில் நிலையத்தில் இறங்கியும் பேருந்தில் வந்தும் நடப்பவர்கள். 2023 மே மாதத்தில் அந்நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீளமுள்ள உயர் நடைபாலம் திறக்கப்பட்டதும் அக்கூட்டத்தின்பொருட்டே. கடைவீதியை வாழவைப்பவர் அவர்களே. அவர்களுக்கு நிற்கவும் நடக்கவும் இடம் வந்தது.

இனி, கட்டணம் எவ்வளவு இருத்தல் வேண்டும்? அதிகாரியின் மனம்போல் விதிப்பதோ, குத்தகைதாரர் கேட்டதைக் கொடுப்பதோ அன்று. ஷூப் கூறும் அளவு எளிது. நூறு இடங்களுள் 85 நிறைந்து, 15 காலியாக இருத்தல் வேண்டும். ஏழு இடத்திற்கு ஓரிடம் காலியாயின், வருபவர் அலையாமல் நிறுத்துவர். கடைக்காரர்க்கும் வாங்குவோர் குறைவுபடார். எல்லா இடமும் நிறைந்திருப்பின் கட்டணம் குறைவு என்று பொருள். பாதி காலியாயின் கட்டணம் மிகுதி என்று பொருள். சான் பிரான்சிஸ்கோ நகரம் 2011இல் தொடங்கி இவ்வாறு தெருவுக்குத் தெரு கணக்கெடுத்துக் கட்டணத்தை மாற்றிப் பார்த்தது. சில தெருக்களில் ஏறிய கட்டணம் வேறு பல தெருக்களில் இறங்கிற்று. கட்டணம் ஏறவே செய்யும் என்று நம்பியிருந்த மக்களுக்கு அது வியப்பாயிற்று.

நம் சிற்றூர்களிலும் பேரூர்களிலும் சந்தை வரியும் வண்டி நிறுத்தக் கட்டணமும் ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுவது நெடுநாளைய வழக்கம். ஏலம் எடுத்தவர் கட்டிய பணத்திற்கு மேல் ஈட்ட முயல்வர். குறித்த கட்டணத்தினும் மிகுதியாகக் கேட்பதும், சீட்டுத் தராது காசு பெறுவதும் அங்கேயே தோன்றுகின்றன. கட்டணத்தின்மேல் மக்கள் கொண்ட வெறுப்பிற் பெரும்பகுதி உண்மையில் இம்முறையின்மேற் கொண்ட வெறுப்பாகும். எவ்வளவு கட்டணம் என்பதை நுழைவாயிலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தலும், அம்மாதம் பெற்ற தொகையையும் அத்தொகையால் அத்தெருவிற் செய்த பணியையும் அதே பலகையில் குறித்தலும், பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. கடைவீதியில் ஒரு குடிநீர்க் குழாயும், பெண்களுக்கு ஒரு தூய கழிப்பிடமும், உடைந்த கல்லுக்கு மாற்றாக ஒரு நல்ல நடைபாதையும் அப்பணத்தால் அமைந்தால், அடுத்த ஆண்டு ஏலத்தின்போது எழும் பேச்சு வேறாக இருக்கும்.

இதற்கெல்லாம் முன்னர் வேண்டப்படுவது கணக்கு. போடியிலோ தேவாரத்திலோ ஒரு கடைவீதியை எடுத்துக்கொண்டு, ஒரு சந்தை நாளிலும் ஒரு சாதாரண நாளிலும், காலை எட்டு மணிமுதல் இரவு எட்டு மணிவரை மணிக்கொருமுறை நடந்து, நிற்கும் வண்டிகளின் எண்களின் இறுதி நான்கு இலக்கத்தைக் குறித்து வருதல் போதும். எத்தனை வண்டிகள் ஒரு மணிக்குள் சென்றன, எவை நாள் முழுதும் அசையாது நின்றன என்பது மாலையில் தானே விளங்கும். கடைவாயிலில் நின்று, வாங்குவோர் நடந்து வந்தனரா, பேருந்தில் வந்தனரா, வண்டியில் வந்தனரா என்று கேட்டுக் குறிப்பதும் எளிது. இதற்குப் பொறியாளர் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், எழுதுகோலும், சலியாது நடக்கும் பத்து மாணாக்கரும் போதும்.